தலைக்குள் ஒரு வெள்ளைத் திட்டு

மாத்திரையைக் கடைவாயில் ஒதுக்கிவிட்டு, வெறும் தண்ணீரை மடக் மடக்கென்று விழுங்குவார் சங்கிலிப்பாண்டி. பிறகு வாயை ஆவென்று திறந்து மனைவி முத்துசெல்விக்குக் காட்டுவார். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் மாத்திரை வேட்டி மடிப்புக்குள் போய்விடும். எந்தெந்த ஊரிலிருந்தோ ஜனங்கள் குற்றாலத்துக்கு வந்து பாவத்தைக் கழுவுகிறார்கள். இவர் மாத்திரையை அருவியில் கழுவிவிடுகிறார்.

அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுவது அவர் தொழில். எண்ணெயை ஊற்றி உச்சந்தலையில் ஓங்கி ஒன்று வைத்தால் எப்பேர்ப்பட்ட அதிகாரியும் பச்சைப்பிள்ளையாகக் கண்ணை மூடிக்கொள்வார். வழுக்கை சிக்கினால் போதும். "சார், இங்கன பூனைமுடி வருது. அடுத்த சீசனுக்குச் சீப்பு வாங்கிருங்க" என்பார். வருடா வருடம் வரும் வழுக்கைகள் அப்படியேதான் இருக்கின்றன.

இந்த வருடம் சாரல் சீசன் தொடங்குமுன் அவருக்கு நெஞ்சுவலி வந்து, இதயக் குழாய் அடைக்காமலிருக்க ஸ்டென்ட் என்ற கம்பிவலையை வைத்தார்கள். வைத்த கொஞ்ச நேரத்தில் கண் இருண்டுவிட்டது. முத்துசெல்வியின் தலையைத் தடவித்தான் அவள் என்று கண்டுகொண்டார். ஸ்கேன் எடுத்தால் மூளைக்குள் வெள்ளைத் திட்டு. ரத்தக்கசிவு போலிருக்கிறது, ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையை நிறுத்துங்கள் என்றார் பணியிலிருந்த டாக்டர்.

மறுநாள் பார்வை திரும்பியது. இரண்டாவது படத்தில் திட்டையே காணோம். பெரிய டாக்டர் சிரித்தார். அது ரத்தமே இல்லையாம். இதயத்தைப் படமெடுக்க விட்ட சாயம் மூளையில் போய்த் தங்கியிருந்ததாம். இனி மாத்திரையை ஒருநாளும் விடக்கூடாது, விட்டால் ஸ்டென்ட் அடைத்து உயிருக்கே ஆபத்து என்று சொல்லி அனுப்பினார்.

சங்கிலிப்பாண்டி நம்பவில்லை. கூடத் தொழில் செய்யும் கணேசமூர்த்தியிடம் எண்ணெய்க் கறை ஏறிய தன் துண்டை விரித்துக் காட்டினார்.

"இந்தக் கறை எந்தச் சோப்புக்காவது போச்சாலே? தலைக்குள்ள உள்ள சாயம் மட்டும் ஒரே நாள்ல போயிருமாக்கும்?"

டாக்டர் எதற்கு அண்ணாச்சி பொய் சொல்லப்போகிறார் என்று கேட்டான் அவன்.

"நான் வழுக்கைக்குச் சொல்லுதம்லா, அது மாதிரிதாம்லே. சாவப்போறவன்ட்ட எவன் நெசத்தச் சொல்லுவான்? அந்த மாத்திரையத் தின்னா ரத்தம் இன்னும்லா ஒழுகும். செத்தாச் சாவுதேன். குருடனாச் சாவ மாட்டேன்."

முத்துசெல்வியிடம் சொன்னால் இந்தப் பக்கமே வரமாட்டேன் என்றும் சொன்னார். கணேசமூர்த்தி அவளிடம் போய்ச் சொல்லவில்லை.

இன்று கோவில்பட்டிக்காரர் ஒருவரின் வழுக்கை. தட்டிக்கொண்டிருந்த கை பாதியில் நின்றது. எண்ணெய்க் கையோடு சங்கிலிப்பாண்டி தன் பனியனின் இடப்பக்கம் நெஞ்சை நீவிக்கொண்டார். அங்கே ஏற்கெனவே நாலைந்து எண்ணெய்க் கை அச்சுகள் இருந்தன.

"நல்லா மொளைக்குது சார்" என்றார். கை தலைக்குத் திரும்பியது.