கிச்சாப்புப் போத்தலில் எட்டுக் கோடு

தாதி வேலைக்குப் படிக்க ஒரு டாக்டரின் கடிதம் வேண்டும் என்றார்கள். கடிதம் வேண்டுமானால் ஒரு டாக்டரிடம் வேலை பார்த்திருக்க வேண்டும். ஆண்டுக் கடைசிப் பள்ளி விடுமுறையில் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரம் முழுக்க அலைந்தேன். பெண்பிள்ளை என்றதும் எல்லாரும் கையை விரித்தார்கள். ஒரு டாக்டர் மட்டும், "கத்தரிக்கோல் பிடிக்கத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். சம்பளம் மாதம் ஆறு வெள்ளி. தப்பில்லாமல் விடுமுறையை முடித்தால் கடிதம்.

மருந்துப் போத்தலுக்குக் கோடு ஒட்டுவதுதான் வேலை. நீளமான காகிதத்தை மூன்று முறை மடித்து, மடிப்பின் ஓரத்தை நறுக்கிப் பிரித்தால் எட்டுப் பங்கு வரும். அதைக் கஞ்சிப் பசையால் போத்தலின் பக்கவாட்டில் ஒட்டிவிட வேண்டும். ஒரு பங்கு ஒரு வேளை. எழுத்துத் தெரியாதவர்களும் எண்ணிக் குடித்துவிடுவார்கள். காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொயினா ஏன் இப்படிக் கசக்கிறது, காய்ச்சல் எப்படி நேரம் பார்த்து வருகிறது என்று நான் கேட்டுக்கொண்டே இருப்பேன். மருந்து கலக்கும் டிரெஸ்ஸருக்குப் பொறுக்காது.

"இந்தப் பொண்ணு வாய்க்கும் கோடு ஒட்டுங்க டாக்டர், வேளைக்கு ஒரு கேள்வி போதும்."

வருகிறவர்கள் போத்தலை வீட்டிலிருந்தே கொண்டுவருவது வழக்கம். ஒரு நாள் ரயில்வே தொழிலாளர் லயத்திலிருந்து ஒரு அக்கா, நாலு வயது மகனின் காய்ச்சலுக்கு, கழுத்து நீண்ட சின்னச் சோயாக் கிச்சாப்புப் போத்தலோடு வந்தார். டிரெஸ்ஸர் எட்டு வேளைக் கொயினாவைக் கழுத்துவரை நிரப்பினார். நான் வழக்கம்போல எட்டாக மடித்து ஒட்டினேன்.

மறுநாள் காலையில் அவர் திரும்பி வந்தார். "மூணு கோடு குடுத்துட்டேன், சொரம் அசையவே இல்லையே."

"கோடு போட்டபடியே குடும்மா," என்றார் டிரெஸ்ஸர், தலையை நிமிர்த்தாமல்.

"ரெண்டு ரெண்டாக் குடுத்தாத்தான் கேக்கும்போல," என்று முணுமுணுத்தபடி அந்த அக்கா போய்விட்டார்.

மருந்து ஏன் கேட்கவில்லை என்பது எனக்குள் குடைந்துகொண்டே இருந்தது. கழுவப் போட்டிருந்த குவியலில் அதே மாதிரிப் போத்தல் ஒன்று கிடந்தது. கழுத்துவரை தண்ணீர் நிரப்பி, கோடு ஒட்டி, ஒவ்வொரு கோடாக, அளவு போட்ட அவுன்ஸ் கிளாஸில் ஊற்றிப் பார்த்தேன். ஒல்லிக் கழுத்தில் விழுந்த முதல் மூன்று கோடும் சேர்ந்தே ஒரு வேளைக்குப் போதவில்லை. வயிற்றுப் பகுதியில் ஒரு கோடே ஒன்றரை வேளை. அதில் இரண்டைச் சேர்த்துக் கொடுத்தால்? நாலு வயதுப் பிள்ளைக்கு ஒரே தடவையில் மூன்று வேளை மருந்து.

வாயை மூடிக்கொண்டிருந்தால் கடிதம் கிடைக்கும் என்றும் தோன்றாமல் இல்லை. ஆனாலும் டாக்டரின் அறைக்குள் போய்ச் சொன்னேன்.

"யாராவது புகார் சொன்னாங்களா?"

"கோட்டைப் பத்தி யாரும் சொல்லலைங்க டாக்டர்."

"பின்னே நீ ஏன் சொல்றே?"

"அந்தப் பிள்ளைக்கு இன்னும் அஞ்சு கோடு பாக்கி இருக்குங்க."

அவர் முகம் சுண்டிப்போயிற்று. "அவுன்ஸ் கிளாஸை எடுத்துக்கிட்டு ஓடு. கடிதம்னு மட்டும் எங்கிட்ட வந்து நிக்காதே."

கழுத்துவரை நிரப்பிய டிரெஸ்ஸரை அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்று நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. அன்று எரிச்சல்படக்கூட நேரமில்லை. தண்டவாள ஓரமாகவே ஓடினேன்.

அக்கா தகரக் குவளையும் கையுமாக மகன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். குவளையில் இரண்டு கோட்டு மருந்து. "குடுக்காதீங்க அக்கா, கோடு தப்பு! நான்தான் தப்பா ஒட்டிட்டேன்!" என்று கத்தினேன். அவர் என்னையும் குவளையையும் மாறி மாறிப் பார்த்தார். குவளையை நீட்டினார்.

ஒரு வேளையை மட்டும் கிளாஸில் அளந்தேன். அவர் பையனைப் பிடித்துக்கொள்ள, நான் வாயில் ஊற்றினேன். விழுங்கியதும் என் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தான். என் கையால் ஒருவருக்கு நான் கொடுத்த முதல் மருந்து அது. அளவு சரியாக இருந்தது.