முந்திக்கொண்டு சொன்ன பதில்

என் மகன் ஐந்து வயதில், எங்கள் ஊர் பீங்கான் சூளையைப் பார்த்துவிட்டு ஒரு நாள் கேட்டான். "அம்மா, சூளைக்குள்ள போன பீங்கான் பொம்மை சின்னதா வெளிய வருதே, மீதி எங்கம்மா போச்சு?"

நான் டீச்சராயிற்றே. ஈரம் வற்றினால் மண் சுருங்கும் என்று உடனே விளக்கினேன். "சரி" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டான்.

இன்று பெண்ணாடத்திலிருந்து விருத்தாசலம் வரும் பஸ்ஸில் என் பக்கத்தில் ஓர் இளம் தாய், மடியில் நாலு வயது மகள். எங்கள் பஸ் ஒரு கரும்பு டிராக்டரைத் தாண்டியது.

"அம்மா, டிராக்டரு ஏன் பின்னாடி போவுது?"

நான் வாயைத் திறந்தேன். அந்தத் தாய் என் கையை மெல்லத் தொட்டு நிறுத்தினாள். மகளிடம், "தெரியலியே பாப்பா. நீயே பாத்துச் சொல்லு" என்றாள்.

குழந்தை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. இன்னொரு டிராக்டர் வந்தது. அதையும் தாண்டினோம். மெல்லக் குழந்தையின் முகம் விரிந்தது.

"அதுவும் முன்னாடிதான் போவுது. நம்ம பஸ்ஸு அத விட வேகமா போவுது."

தாய் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "டீச்சருங்களா? பதில் சொல்ல எவ்ளோ அவசரம் பாருங்க. சொல்லிட்டா இந்த மூஞ்சிய பாக்க முடியுமாங்க?"

என் மகனிடம் அந்த முகத்தை எத்தனை முறை பார்க்காமல் விட்டேனோ.

வீட்டுக்கு வந்ததும் அவனுக்கு போன் செய்தேன். "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்றான்.

"ஒண்ணுமில்லப்பா, சும்மாதான்."

மீட்டிங்காம். வைத்துவிட்டான்.

வீட்டில் குழந்தை இருப்பவர்கள், அது அடுத்து கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லாமல் முகத்தை மட்டும் பாருங்கள். பார்த்ததை இங்கே எழுதுங்கள். படிக்க எனக்கு நிறைய நேரம் இருக்கிறது.