மூன்றாம் பாகத்துச் சண்டை

எஹலியகொடைக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். மழை பெய்தால் ரப்பர் பால் வெட்டப் போக முடியாது. போன மாதம் அப்படியொரு காலையில் நானும் என் வீட்டுக்காரரும் ஒரு குங்ஃபூ படத்தின் மூன்றாம் பாகத்தை டிவிடி போட்டு டீவியில் பார்த்தோம். முதல் இரண்டு பாகங்களும் அவருக்கு உயிர். எனக்கோ அவற்றில் கையும் காலும் பறப்பதுதான் தெரியும். சண்டை தொடங்கியதும் அடுப்படிக்குப் போய்விடுவேன்.

இந்த முறை நான் எழும்பவில்லை. கேமரா ஓரிடத்தில் நின்றே முழுச் சண்டையையும் காட்டியது. கதாநாயகன் வழுக்கும் படிக்கட்டில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தான். ஜெயித்த பிறகு மூச்சு வாங்க உட்கார்ந்து முழங்கையைத் தேய்த்துக்கொண்டான்.

"டைரக்டர மாத்திட்டாங்க. அதான் வேகமே இல்ல," என்று அவர் குறைபட்டுக்கொண்டார்.

"வேகம் இருக்குங்க. இப்பதான் யாரு யார அடிக்கிறான்னு எனக்கு வெளங்குது," என்றேன்.

அவர் அந்தச் சண்டையை மறுபடியும் ஓட்டிப் பார்த்தார்.

"படிக்கட்டுச் சண்டை நல்லாத்தான் இருக்கு," என்றார் மெல்ல.

பிறகு, பழைய டைரக்டரின் அருமை எனக்குப் புரியவேண்டும் என்று இரண்டாம் பாகத்தைப் போட்டார். நான் பாதியிலேயே தூங்கிவிட்டேன். அவர் என்னை எழுப்பாமல், சத்தத்தைக் குறைத்துக்கொண்டு கடைசிவரை சந்தோஷமாகப் பார்த்திருக்கிறார்.