பத்தாவது ஆளை விரட்டிவிட்டேன்

இன்று தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் பஸ்ஸில் ஒரு தப்புப் பண்ணிவிட்டேன்.

முன் சீட்டில் ஒரு கல்லூரிப் பையன், கையில் வலை கட்டிய நீளக் கம்பு. அதில் பந்தை ஏந்தி எறிகிற விளையாட்டாம், லக்ராஸ். பக்கத்திலிருந்த முதல் வருடப் பையனை டீமில் சேரச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

“கடைசி வருசத்து ஆளுக போயிட்டா ஒம்பது பேருதாம்லே இருக்கோம். பத்து பேர் இல்லன்னா காலேஜுல கிளப்பையே மூடிருவாவ. நீ ஒருத்தன் வந்தா போதும்.”

அவனும் தலையாட்டத் தொடங்கினான். நான் சும்மா இருந்திருக்கலாம்.

“ஏலே, கம்பு வச்சிருக்கவனே, நீ யாரு வீட்டுப் பிள்ள?”

“செங்கோட்டை அரிசிக்கடை வீடு, ஆச்சி.”

என் மகள் கல்யாணத்தில் சாம்பார் தண்ணியாக இருக்கிறதென்று பந்தியிலிருந்து எழுந்துபோன அரிசிக்கடைக்காரரை நான் மறப்பேனா?

முதல் வருடத்தானிடம் சொன்னேன்: “அந்தக் கம்பு மூஞ்சில பட்டா பல்லு கொட்டிரும்லே. பொறவு எவன் பொண்ணு குடுப்பான்?”

பஸ்ஸே சிரித்தது. “யோசிச்சுச் சொல்லுதேண்ணே” என்று அவன் அடுத்த நிறுத்தத்தில் நழுவிவிட்டான்.

“அன்னைக்கு எம்மவ கல்யாணப் பந்தியில சாம்பாரு தண்ணின்னு ஒங்க தாத்தா எந்திச்சுப் போனாருல்லா, இன்னைக்கு இவன் போயிட்டான்” என்றேன் கம்புக்காரனிடம்.

“அது மேலத்தெரு அரிசிக்கடை, ஆச்சி. நாங்க கீழத்தெரு.”

கோபப்படக்கூட இல்லை. இறங்கும்போது என் பையைத் தூக்கிக் கொடுத்தான். மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவன் நம்பரை வாங்கி வைத்திருக்கிறேன். ஓடியாடுகிற கல்லூரிப் பையன் யார் வீட்டிலாவது இருந்தால் சொல்லுங்கள். மேலத்தெரு அரிசிக்கடைப் பிள்ளையென்றாலும் சரி. அவன் பல்லுக்கு மட்டும் நான் பொறுப்பில்லை.