தீயை அணைத்தவர்

அடி அண்ணாமலையைத் தாண்டிக் கிரிவலப் பாதையில் நடக்கிறேன். பங்குனி வெயில். மலையடிவாரத்தில் காய்ந்த புல் பற்றி எரிகிறது. ஒரு பெண் தனியாகப் பச்சைப் புங்கங்கிளையால் தீயை அடித்துக்கொண்டிருக்கிறார். நானும் ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு ஓடுகிறேன்.

அரை மணி நேரத்தில் தீ அடங்குகிறது. அவர் பெயர் செல்வி. பக்கத்து இருளர் குடியிருப்பிலிருந்து மூலிகை பறிக்க வந்தவர். எரியாமல் தப்பிய புல்லை விலக்கிக் காட்டுகிறார். உள்ளே ஆறு கௌதாரி முட்டைகள்.

"அடையில இருக்குதுங்க. இத நாங்க தொட மாட்டோம்."

பாதையில் ஒரு கார் நிற்கிறது. இறங்கியவர் செல்வியின் கரி படிந்த கைகளைச் செல்போனில் படம் பிடிக்கிறார்.

"இவங்கதான் கொளுத்தறது. ஃபாரஸ்ட்டுக்குப் போன் பண்ணிட்டேன்."

நான் நடந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் கார் கிளம்பிவிடுகிறது.

செல்வி என்னிடம் கேட்கிறார்: "நீங்க ஊருக்குப் போகணுமா?"

"மத்தியானம் பஸ்."

"அவங்க வர்ற வரைக்கும் இருங்க. நான் சொன்னா நம்ப மாட்டாங்க."

குரலில் கோபம் இல்லை. ஏற்கெனவே பட்டவரின் நிதானம்தான் இருக்கிறது. எனக்கு வெட்கமாக இருக்கிறது. சுடும் பாறையில் அவர் அருகே உட்கார்கிறேன்.

பஸ் நேரம் கடந்த பிறகு வனக்காவலர் பைக்கில் வருகிறார். செல்வி எழுந்து நிற்கிறார். காவலர் அவரைத் தாண்டி என்னிடம் வருகிறார்.

"என்ன சார் ஆச்சு?"

"இவங்கதான் தீய அணைச்சாங்க. பேரு செல்வி. இவங்களையே கேளுங்க."

அவர் தலையாட்டிவிட்டு நோட்டைத் திறக்கிறார்.

"உங்க பேரச் சொல்லுங்க சார்."