வைபை பிடிக்காத லப்டொப்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக் கதவுக்கு எதிர்க்கதவு கனகேஸ்வரி அன்ரியுடையது. அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர். கணவர் இல்லை. ஒரே மகன் மிதுஷன் மெல்பேர்னில் இருக்கிறான். மாதத்தில் ஒருநாள் போன் எடுப்பான். தேத்தண்ணீர் ஆறுமுன் கதை முடிந்துவிடும். அந்தளவு அக்கறையை மருந்துக்கடைக்காரனே காட்டுவானே என்று நான் முகத்துக்கு நேரேயே சொல்லியிருக்கிறேன். "அவனுக்கு வேலை கூட" என்பார் அன்ரி.

பிறகு அவருடைய பழைய லப்டொப் ஊரத் தொடங்கியது. விண்டோசை எடுத்துவிட்டு, பழசுக்குப் பாரமில்லாத லினக்ஸ் போடும்படி மகன் என்னிடம் சொன்னான். லினக்ஸ் ஏறும்போது லப்டொப்புக்குள் என்னென்ன இருக்கிறது என்று தானே தேடிப் பார்க்கும்; ஒவ்வொன்றையும் இயக்குவதற்கான ட்ரைவரையும் தானே போட்டுக்கொள்ளும். திரையைக் கண்டுகொண்டது, கமராவைக் கண்டுகொண்டது, ஸ்பீக்கரையும் கண்டுகொண்டது. வைபையை மட்டும் ஏனென்றும் கேட்கவில்லை. அதற்குரிய ட்ரைவர் அந்தப் பதிப்பில் இல்லை.

அன்றிலிருந்து மிதுஷன் ஒவ்வொரு பின்னேரமும் போன் எடுத்தான். அவன் சொல்லச் சொல்ல அன்ரி ஒற்றை விரலால் தட்டுவார். திரையில் வருவதை எழுத்தெழுத்தாக வாசிப்பார். பிறகு லப்டொப்பை நிறுத்தி மறுபடி போட வேண்டும். அந்தக் கிழம் எழும்பி வரும்வரை இரண்டு பேருக்கும் வேறு வேலை இல்லை. அந்த இடைவெளியில்தான் அவன் கதைத்தான். சோறு குழைந்துபோனது, மனைவியோடு சண்டை பிடித்தது, இரவில் நித்திரை வராதது எல்லாம் வந்தன. "பிள்ளை நித்திரை இல்லாமல் இருக்கிறானாம் சுபோதினி" என்று அன்ரி என்னிடம் சொன்னபோது அவர் முகத்தில் கவலையைவிடச் சந்தோசம்தான் கூட இருந்தது. இன்னொரு நாள், "இது சரிவந்திட்டால் பிறகு அவன் என்னத்துக்கு எடுக்கப்போறான்" என்றார்.

அடுத்த மாதமே புதிய பதிப்பு வந்துவிட்டது. விடுபட்ட ட்ரைவரும் அதற்குள் இருப்பதாக மிதுஷன் எனக்குச் செய்தி அனுப்பினான். ஒபிசில் இறக்கி, பென் ட்ரைவில் கொண்டுவந்து, சனிக்கிழமை நானே ஏற்றினேன். ஒரு சண்டித்தனமும் இல்லை. வைபையைத் தானே பிடித்து, எங்கள் கட்டடத்து வீடுகளின் வைபைப் பெயர்களையெல்லாம் திரையில் அடுக்கியது. நான் கைதட்டினேன். அன்ரி அந்தப் பெயர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு பேர் இருக்கினமோ இஞ்சை?" என்றார்.

பின்னேரம் போன் வந்தது. அன்ரி ஸ்பீக்கரில் போட்டார்.

"புதுசு போட்டீங்களோ அம்மா? பிடிச்சிட்டுதோ?"

அன்ரி லப்டொப்பை மெல்ல மூடினார். "இல்லை அப்பன். இன்னும் பிடிக்கேல்லை."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற பிள்ளையோடு கதைக்க ஒரு பழுதைக் காப்பாற்றி வைக்க வேண்டுமா? உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அன்ரி என் கையை இறுக்கிப் பிடித்தார்.

மிதுஷன், "உங்களை நல்லா அலைக்கழிச்சுப் போட்டன் அம்மா. இனி இதோட மினக்கெட வேண்டாம். புது லப்டொப் ஒண்டு ஓடர் பண்ணிவிடுறன். எல்லாம் போட்டு ரெடியா வரும்" என்றான்.

"வேண்டாம் அப்பன், எனக்கு இதே காணும். இன்னொருக்கா பாப்பம். நீ சொல்லு, நான் தட்டுறன்."

"பாவம் அம்மா நீங்கள். விடுங்கோ."

உண்மையைச் சொன்னாலும் இந்தப் பின்னேரங்கள் போய்விடும், சொல்லாவிட்டாலும் போய்விடும். அன்ரி சொல்லவில்லை.

புதியது புதன்கிழமை வந்து சேர்ந்தது. பெட்டியை நான்தான் பிரித்தேன். பாஸ்வேர்டைக் கொடுத்த கையோடு வைபையைப் பிடித்துக்கொண்டது. அன்று மிதுஷன் எடுத்தபோது அன்ரி பொய் சொல்லவில்லை. எல்லாம் வேலை செய்கிறது என்றார்.

"அப்பாடா! இனி உங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லைத்தானே அம்மா?"

"இல்லை அப்பன்" என்றார் அன்ரி. "எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை."