எல்லாமே கார்பனேட்

பெரம்பலூர் வீட்டில் குளியலறையைக் கழுவ ஆசிட் ஊற்றினேன். சிமெண்டுத் தரை சுர்ரென்று நுரைத்தது. அந்தச் சத்தம் என்னை அரியலூர்ப் பள்ளி ஆய்வகத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டது.

அன்று பிளஸ் டூ வேதியியல் செய்முறைத் தேர்வு. கொடுத்த உப்பு எதுவென்று கண்டுபிடிக்க வேண்டும். ஆசிட் விட்டதும் நுரைத்தால் கார்பனேட். சமன்பாடு எதுவும் தலையில் ஏறாத நான், இதில் முழு மார்க் வாங்கினால்தான் தேற முடியும். நுரைத்தது. எழுதிவிட்டு அக்கம்பக்கம் பார்த்தேன். எங்கள் வரிசை முழுக்கக் கார்பனேட்.

திருச்சியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அம்மா எங்கள் தாள்களைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ஆளுக்கொரு உப்பு குடுத்தேன். மொத்தமா காப்பியா? எல்லாருக்கும் சைபர் போட்டுட்டுப் போறேன்."

எங்கள் வரிசையில் நின்ற லெப்பைக்குடிகாட்டு ரஹ்மத்துல்லா முன்னால் வந்தான். "சத்தியமா காப்பி இல்லீங்க மேடம். சுண்ணாம்புக்கல் லாரி பூரா இந்தப் பக்கந்தான் போவுது. எல்லாத்துலயும் அந்தத் தூசிதாங்க. சுண்ணாம்புக்கல்லும் கார்பனேட்தானுங்களே." ஜன்னல் கட்டையில் ஒரு சொட்டு ஆசிட் விட்டான். நுரைத்தது. காலிச் சோதனைக்குழாயில் விட்டான். அதுவும் நுரைத்தது.

அந்த அம்மா தம் மேசை மீதும் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "எல்லாத்தையும் கழுவிட்டு மறுபடி செய்ங்கடா."

கழுவினோம். மற்றவர்களுக்கு நுரை அடங்கி, குளோரைடும் சல்பேட்டும் வெளியே வந்தன. என்னுடையது மட்டும் மறுபடி நுரைத்தது. பயந்துபோய் இன்னும் தேய்த்துக் கழுவினேன். அப்போதும் நுரைத்தது.

"எத்தனை வாட்டிடா கழுவுவ? உனக்குக் குடுத்ததே கார்பனேட்தான்" என்றார்.

முதல் தடவை நுரைத்தது உப்பா தூசியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மார்க் மட்டும் முழுசாக வந்தது.